மூன்று கரண்டி சிவப்பு

"பல் ஆஸ்பத்திரிக்கு சிவப்பு அடிக்கலாம்" என்று நான் சொன்னதும் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். என் கணவர், மாமியார், நாத்தனார். மூன்று பேரும் டாக்டர்கள். மாமியாருக்குக் குழந்தைகள், நாத்தனாருக்குப் பல், கணவருக்குக் காது மூக்கு தொண்டை. ஊரார் காதையெல்லாம் சரிசெய்கிற மனிதருக்கு என் பேச்சு மட்டும் ஒரு காதிலும் விழாது. எனக்குப் பெயிண்ட் கடை. கடை என்னுடையது இல்லை. நிறம் கலக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் கிடக்கும் ஸ்டூல் மட்டும் ஒன்பது வருடமாக என்னுடையது.

நான் அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குள் சோபா மாறியது, திரைச்சீலை மாறியது, சுவர் இரண்டு தடவை மாறியது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்குத் தோன்றவில்லை. போன தடவை அடித்த நிறத்தைக் கடையில் கலந்து கொடுத்தவளே நான்தான். வாங்க வந்த ஆள் ரசீதுக்கு மாமியார் பெயரைச் சொன்னபோதுதான் அது எங்கள் வீட்டுச் சுவருக்கு என்று எனக்குத் தெரிந்தது.

கோபத்தில் நானும் ஒரு வீம்பு பிடித்தேன். இடது கடைவாய்ப் பல் ஆறு மாதமாகக் குடைந்துகொண்டிருந்தது. வீட்டிலேயே பல் டாக்டரை வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால்தான் சொல்வது என்று வலது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கும் என்னைக் கேட்டு நான் வாய் திறக்கவில்லை. நாத்தனார் சொந்தமாக ஆஸ்பத்திரி திறக்க ஒரு வாரம் இருந்தது. அவள் வைத்திருந்த அறை அலங்கார நிபுணர் பாதியில் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார். "பேசாம எல்லாத்தையும் வெள்ளை அடிச்சிரலாம்" என்று அவள் பெருமூச்சு விட்டாள். அந்த இடத்தில்தான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அண்ணி, வர்றவங்க ஏற்கெனவே கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. சுவரும் சிவப்பா இருந்தா ரத்தம்னு நினைச்சு ஓடிருவாங்க" என்றாள். என்னைவிட நான்கு வயது சின்னவள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள், கருத்து மட்டும் கேட்க மாட்டாள்.

"ரத்தம் வெள்ளையிலதான் டாக்டரம்மா பளிச்சுனு தெரியும். நீ இப்ப வாடகைக்கு வெச்சிருக்கற இடம் முழுக்க வெள்ளைதானே? பேரைக் கூப்பிட்டா ஆளைக் காணோம்னு நீயே எத்தனை தடவை சொல்லியிருக்க?"

அது உண்மை. காத்திருக்கிற அறையில் யாரும் உட்காருவதில்லை, எல்லாரும் கதவோரமாக நிற்பார்கள், பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

"ஒரே ஒரு சுவர் சிவப்பு" என்றேன். "சுட்ட செங்கல் மாதிரி, சூடான சிவப்பு. மத்த மூணும் பால்ல கொஞ்சம் டீ சிந்தின மாதிரி, மணல் மாதிரி. சிவப்பு கையைப் பிடிச்சு உள்ள கூப்பிடும். மணல் உக்காருன்னு சொல்லும். உக்கார வைக்கறது என் பொறுப்பு."

நாத்தனார் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள். "சரி அண்ணி. வெயிட்டிங் ரூம் மட்டும். புதன்கிழமை நாலு மணிக்கு வந்து பாப்பேன். எனக்கு ஒட்டலைன்னா உடனே வெள்ளை. வியாழக்கிழமை காலைல ஒன்பதுக்கு முதல் பேஷண்ட்."

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று ஒரு கணம் பயம் வந்தது. அடுத்த கணம் அது போய்விட்டது. பாத்திரம் தேய்க்கும்போதே மனதுக்குள் சுவர் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்பது வருடமாக அடுத்தவர்கள் கேட்ட நிறத்தைக் கலந்தவள், முதல்முறையாக எனக்குப் பிடித்த நிறத்தைக் கலக்கப் போகிறேன். இது சரியாக வந்தால் இந்த வீட்டில் ஒருத்தராவது அடுத்த தடவை என்னைக் கேட்பார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் தொழிலில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதற்குப் பெயர் ஓட்டை அட்டை. சாம்பல் நிற அட்டை ஒன்று, நடுவில் நாணயம் அளவுக்கு ஓட்டை. வாடிக்கையாளர் ஒரு பொத்தானையோ, துணியையோ, சுவரில் பெயர்ந்த சில்லையோ கொண்டுவந்து "இதே நிறம் வேணும்" என்பார். அதன்மேல் அட்டையை வைத்து ஓட்டை வழியாகப் பார்ப்பேன். அக்கம்பக்கத்து நிறம் எதுவும் கண்ணில் படாது. அந்த ஒன்று மட்டும், சொந்தபந்தம் இல்லாமல், தனியாக நிற்கும். அப்படிப் பார்த்துக் கலந்தால் இம்மி பிசகாது. கடையில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

சிவப்பை அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். இருபத்திரண்டு சிவப்புகளை வரிசையாக வைத்து, ஊதா சாயல் உள்ளதையெல்லாம் தள்ளினேன். அவை குளிர்ந்த சிவப்புகள், ஆஸ்பத்திரிக்கு ஆகாது. மஞ்சள் சாயல் உள்ளவற்றில், கொஞ்சம் மண் கலந்த மாதிரி அடங்கிய ஒன்று மிச்சம் நின்றது. அடுத்த நாள் மணல் நிறத்தையும் அதே அட்டையில் பார்த்தேன். பழுப்பு, கிரீம், சாம்பல் என்று பதினெட்டில் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் தங்கமான பிள்ளைகள்.

வேலைக்கு வந்த பெயிண்டருக்குப் பட்டப்பெயர் 'ஒரே கோட்டு'. எந்தச் சுவரைப் பார்த்தாலும், ஒரு தடவை பூசினால் போதும் என்கிற அர்த்தத்தில், "ஒரே கோட்டு போதும்மா" என்பார். முப்பது வருடத்தில் ஒரு சுவர்கூட ஒரே கோட்டில் முடிந்ததில்லை. ஆனாலும் நம்பிக்கையை விடாத மனிதர். வரும்போதே இரண்டு பக்கெட் வெள்ளையையும் கொண்டுவந்து மூலையில் வைத்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"டாக்டர் ஃபோன் பண்ணி கொண்டுவரச் சொன்னாங்கம்மா. ஒரு வேளை வேணும்னா..."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கெட்டுகளின்மேல் பழைய செய்தித்தாளைப் போட்டு மூடினேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று சுவருக்கும் மணல் அடித்தோம். காய்ந்ததும் அறையே மெத்தென்று ஆகிவிட்டது. அந்த மூன்று சுவரையும் செய்தித்தாளால் மூடி டேப் ஒட்டினோம், சிவப்பு தெறிக்கக் கூடாது என்று. புதன்கிழமை காலை ஏழு மணிக்கே நான் அங்கே இருந்தேன். சிவப்புக்கு அடியில் வெள்ளை இருந்தால் அது பல்லை இளித்துவிடும், அதனால் முதலில் ஒரு மங்கல் ரோஜா அடித்துக் காயவிட்டோம். அதன்மேல் சிவப்பு, ஒன்று. "போதும்மா" என்றார் ஒரே கோட்டு. இரண்டு. மூன்றாவது கோட்டுக்கு அவர் பேசவே இல்லை.

ஒரு மணிக்கு அந்தச் சுவர் முடிந்தது. ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்தபோது சுவர் சூடாக மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. ஓடிப்போய் நான் வாங்கி வைத்திருந்த இரண்டு சிவப்பு மெத்தைகளை எதிர்ப்பக்கத்து மர பெஞ்சில் போட்டேன். சிவப்பை ஒரே சுவரோடு நிறுத்தினால் அது தனியாக நின்று கத்தும். அறையின் அடுத்த முனையில் கொஞ்சமாவது எட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு டேப்பைப் பிரித்து, செய்தித்தாளை உரித்து, திரும்பிப் பார்த்தேன்.

மூன்று சுவரும் பச்சையாக இருந்தன.

இலைப் பச்சை இல்லை. ஈரத்தில் கிடந்த ரொட்டியில் பூஞ்சை பிடிப்பதற்கு முந்தின நாள் வருமே, அந்தப் பச்சை. சீக்குப் பிடித்த நிறம்.

"நேத்து இப்படி இல்லையே" என்றேன். பிறகு வாயில் வரக் கூடாத வார்த்தை வந்தது. "நீங்க மீதியிருந்த வேற எதையாவது இதுல கலந்துட்டீங்களா?"

ஒரே கோட்டின் முகம் சுருங்கிப்போனது. "முப்பது வருஷத்துல அந்தத் திருட்டுத்தனம் பண்ணதில்லம்மா. நீங்க குடுத்த பக்கெட்டு, நீங்க எழுதின நம்பர். பாருங்க." மூடியைக் கொண்டுவந்து நீட்டினார். என் கையெழுத்து, என் எண்.

சேலைமேல் மாட்டியிருந்த கடைச் சட்டையின் பையிலிருந்து அட்டையை எடுத்துச் சுவரில் வைத்தேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் அச்சு அசலாக நான் கலந்த மணல். அட்டையை எடுத்தேன், பச்சை. வைத்தேன், மணல். எடுத்தேன், பச்சை. ஐந்தாறு தடவை அப்படியே செய்துகொண்டிருந்தேன். ஒரே கோட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தப்பாச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன் அவரிடம்.

"பரவால்லம்மா. டென்ஷன்ல வர்றதுதான்" என்றார். ஆனால் அவர் கண் மூலையில் இருந்த வெள்ளைப் பக்கெட்டுகளின் பக்கம் போனதை நான் கவனித்தேன்.

நாத்தனார் காலையிலிருந்து உள் அறையில்தான் இருந்தாள். பல் பார்க்கும் நாற்காலியைப் பொருத்த வந்த ஆள் ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்தா அவளுக்குத் தாகம் எடுக்க வேண்டும். கதவைத் திறந்து வெளியே வந்தவள் தண்ணீர் பாட்டிலோடு அப்படியே நின்றாள்.

"சிவப்பு நல்லா இருக்கு அண்ணி" என்றாள் முதலில். கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை சொல்கிற குடும்பத்தில் அது பெரிய வார்த்தை. அடுத்து வந்தது. "ஆனா மத்ததெல்லாம் ஏன் பச்சையா இருக்கு?"

"பச்சை இல்ல. பச்சையா தெரியுது."

"ரெண்டும் ஒண்ணுதானே? வர்றவங்க அட்டையா வெச்சுப் பாக்கப் போறாங்க?" குரலில் கிண்டல் இல்லை. சோர்வுதான் இருந்தது. "நாலு மணி வரைக்கும் எதுக்கு அண்ணி, இப்பவே வெள்ளை ஆரம்பிச்சிரலாம். எங்களுக்கே ஆபரேஷன்ல இந்தத் தொல்லை உண்டு. ரத்தத்தையே பாத்துட்டு நிமிர்ந்து வெள்ளைத் துணியைப் பாத்தா பச்சை பச்சையா மிதக்கும். அதனாலதான் துணியெல்லாம் முதல்லயே பச்சையா போட்டுக்கறது."

நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். "என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

"சிவப்பைப் பாத்த கண்ணுக்கு அடுத்து பாக்கறது பச்சையா தெரியும்னு சொன்னேன். ஏன்?"

எல்லாம் உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்துவிட்டது. சுவரில் தப்பில்லை, பெயிண்டர்மேலும் இல்லை. தப்பு என் சட்டைப் பையில் இருந்தது. சொந்தபந்தம் இல்லாமல் பார்க்கிறேன் என்று ஒன்பது வருடம் பெருமைப்பட்டேனே, அறை என்றாலே அக்கம்பக்கம்தான். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இந்த நார் மணக்காததற்குக் காரணம், அதற்கும் பூவுக்கும் நான் ஒரு உறவும் வைக்காததுதான். சாம்பல் கலந்த மணல் அது. அதில் சிவப்பு ஒரு சொட்டுகூடக் கிடையாது.

"நாலு மணின்னுதானே சொன்ன?" என்றேன். "நாலு மணிக்கு வா. அதுக்கு முன்னாடி இந்தக் கதவைத் திறக்காத."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. பாட்டிலை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மணி ஒன்றே முக்கால். மிச்சமிருந்த மணல் பக்கெட்டைத் திறந்தேன். சிவப்பு டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் விட்டேன். ஒரே கோட்டு பதறிப்போனார்.

"ஐயையோ, ரோஸ் ஆயிரும்மா. மிட்டாய்க் கடை மாதிரி ஆயிரும்."

"ஆகட்டும் பாப்போம். கலக்குங்க."

ஓர் அட்டைத் துண்டில் தடவி, மின்விசிறியில் காயவைத்து, சிவப்புச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்தேன். இந்தத் தடவை ஓட்டை அட்டையைத் தொடவே இல்லை. பச்சை குறைந்திருந்தது, போகவில்லை. இரண்டாவது கரண்டி. இப்போது பச்சை இல்லை, ஆனால் பச்சையின் நினைவு இருந்தது. மூன்றாவது கரண்டி விட்டுக் கலக்கி, தடவி, காயவைத்துப் பிடித்தபோது ஒரே கோட்டு "அட" என்றார்.

அட்டைத் துண்டு மணலாக இருந்தது. நான் முதல் நாள் மனதில் பார்த்த மணல், பாலில் டீ சிந்தின நிறம். வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் அது கொஞ்சம் ரோஸ்தான், ஒரே கோட்டு சொன்னது பொய்யில்லை. உள்ளே கொண்டுவந்து சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ரோஸ் போய்விடும். ஒரு பிடிவாதத்துக்கு நாலாவது கரண்டியைத் தனிக் கிண்ணத்தில் கலந்தும் பார்த்தேன். மிட்டாய்க் கடை. மூன்றுதான் கணக்கு.

அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் படவில்லை. ஒரே கோட்டு ரோலரை எடுத்தார், நான் பிரஷ்ஷை எடுத்து ஓரங்களை இழுத்தேன். சேலையில் பட்டது, முடியில் பட்டது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல்கூட வலிக்க மறந்துவிட்டது. முதல் சுவர் முடிந்து இரண்டாவது சுவருக்குப் போனபோது ஒரே கோட்டு திடீரென்று ரோலரை நிறுத்திவிட்டு, முடித்த சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, கவனிச்சீங்களா?"

"என்னது?"

"அடியில கிட்டத்தட்ட அதே கலர் இருக்கறதால..." அவர் குரல் கொஞ்சம் கம்மியது. "ஒரே கோட்டு போதும்மா."

நானும் பார்த்தேன். உண்மையிலேயே போதும். முப்பது வருடம் கழித்து அந்த மனிதருக்கு ஒரு சுவர் கிடைத்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் நான் சற்று முன் சொன்ன சொல்லெல்லாம் கழுவிப்போனது. மூன்று சுவரையும் மூன்றே காலுக்கு முடித்து, இரண்டு மின்விசிறிகளை முழு வேகத்தில் விட்டோம். ஈரத்தில் வெளிறி நின்ற நிறம் காயக் காய ஒரு படி இறங்கி, சிவப்போடு போய்ச் சேர்ந்துகொண்டது. பெஞ்சைத் துடைத்து மெத்தைகளைத் திரும்பப் போட்டேன்.

மூன்றே முக்காலுக்கு நாற்காலி பொருத்த வந்தவர் வேலை முடிந்து வெளியே வந்தார். கையில் பெட்டி, தோளில் வயர் சுருள். வாசல்வரை போனவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். முதுகைச் சாய்த்தார்.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. நாத்தனார் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றாள். சிவப்பைப் பார்த்தாள், மூன்று சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கடைசியில் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேனே. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"எல்லாம் ஆச்சு டாக்டர்." அவர் எழுந்திருக்கவில்லை. "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேனே."

நாத்தனார் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் உதடு ஓரத்தில் தொடங்கின சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரே கோட்டு யாரும் சொல்லாமலே அந்த இரண்டு வெள்ளைப் பக்கெட்டுகளையும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்குத் துள்ள வேண்டும்போல் இருக்கும்.

"பச்சை எங்க போச்சு?" என்றாள்.

"மூணு கரண்டி சிவப்பு. நீ சொன்னதுதான், உன் ஆபரேஷன் துணி."

"நான் வெள்ளை அடிக்கத்தானே சொன்னேன்." அவள் கையை நீட்டிச் சுவரைத் தொடப் போய், ஈரமாக இருக்குமோ என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, திரும்பாமல், சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னாள். "அண்ணி, உள் ரூம் இன்னும் வெள்ளையாவே இருக்கு. அதுக்கு என்ன போடலாம்?"

ஆறு வருடம் காத்திருந்த கேள்வி. சந்தோஷத்தில் உடனே ஒரு நிறத்தைச் சொல்லியிருப்பேன், காலையில் கேட்டிருந்தால். இப்போது சொல்லவில்லை.

"இங்க நின்னு எப்படிச் சொல்றது? உள்ள வந்து பாக்கணும். பக்கத்துல என்னென்ன இருக்கு, வர்றவங்க எங்க பாப்பாங்க, எல்லாம் பாக்கணும்."

உள் அறைக்குப் போனோம். நடுவில் புது நாற்காலி. சுவரைப் பார்க்கப் போனவள் நின்றுவிட்டேன். "உன் பேஷண்ட்டு சுவரையா பாப்பாரு?" என்று கேட்டுக்கொண்டே அந்த நாற்காலியில் ஏறிப் படுத்தேன். அவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள், நாற்காலி என்னைச் சாய்த்தது. கண்ணுக்கு நேரே கூரை. அலமாரி தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. சில்லென்று வெள்ளைக் கூரை மட்டும், அதன் நடுவில் விளக்கு.

"இத்தனை வருஷமா உங்கிட்ட வந்தவங்க பாத்ததெல்லாம் இந்த மாதிரி வெள்ளைக் கூரைதான்" என்றேன். "அடிக்க வேண்டியது மேலதான் டாக்டரம்மா. இங்க சிவப்புச் சுவர் இல்ல, சிவப்பு கலக்காத மணலே போதும். இன்னைக்கே..."

"ஒரே கோட்டு போதும்னுவாரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்து சிரித்தேன்.

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. அவளுடைய கை பழக்கத்தில் தானாகப் போட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றபோது அவள் முகம் என் முகத்துக்கு மேல் இருந்தது. முகமூடி மேலே ஏறியிருந்தது.

"அண்ணி, வாயை மூடாதீங்க. இடது பக்கம், கடைசிப் பல்லு. இவ்ளோ பெரிய சொத்தை. இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. ஏன் எங்கிட்ட சொல்லல?"

பூசி மெழுகலாம் என்றுதான் நினைத்தேன். அந்த விளக்கின் கீழ் படுத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"நீ கேக்கலையே" என்றேன்.

அவள் சக்கர ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள்.

"இப்பக் கேக்கறேன்" என்றாள். "எங்க வலிக்குது அண்ணி?"

நான் வாயைத் திறந்து காட்டினேன்.